புதிதாக வந்த பால் பைத்தான் சாப்பிட மறுக்கிறதா? கொங்குப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக வீட்டுக்கு வந்த பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால், எலியை மாற்றுவதற்கு முன் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். சூடு, ஒளிவிடம், அமைதி ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால் உடம்பு நன்றாக இருக்கும் பாம்பு தானாகவே சாப்பிட ஆரம்பிக்கும். மூன்றில் ஒன்று தவறினாலும் எந்த எலியைக் காட்டினாலும் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

நான் கோவையில் வளர்க்கிறேன். விற்றவர் "ரெண்டு நாள்ல சாப்பிட்டுக்குமுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். அது வாரக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. அப்போது கிடைத்த வழிகாட்டிகள் எல்லாம் குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. நம் பக்கம் நிலைமை வேறு. சித்திரையில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தொடும். மார்கழி, தை மாதங்களில் கோவையில் விடியற்காலை 18 டிகிரி வரைக்கும் இறங்கிவிடும். பக்கத்து வீட்டில் தறி ஓடும். பராமரிப்புக்கென்று ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. அதனால் நம் வீடுகளுக்குப் பொருந்துகிற மாதிரி, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன். கார்ன் ஸ்னேக் (corn snake) என்ற அமெரிக்கப் பாம்பை வளர்ப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அதற்குச் சூடும் ஈரமும் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும்.

1. பாம்புக்கு முன் காகிதம்

நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. தோட்டத்தில் கிடைத்த குட்டி என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். மண்ணுளியை வீட்டில் வைத்தால் பணம் கொட்டும், லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அது மோசடி. மாட்டினால் வழக்கு உங்கள் மேலும் பாயும்.

பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதன் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட உயிரினம் உங்கள் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். கட்டணம் எவ்வளவு என்று தளமே காட்டும், அங்கேயே கட்டிவிடலாம். இடையில் ஆள் வைத்துக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கார்ன் ஸ்னேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஆனாலும் அதற்கும் பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கேட்கிறவருக்குக் காட்ட ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும்.

விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: பெயர், முகவரி, தேதியோடு பில். அதில் வெறுமனே "பாம்பு 1" என்று எழுதாமல் இனப்பெயர், ஆணா பெண்ணா, எப்போது பொரித்தது என்ற விவரம் இருக்க வேண்டும். அப்புறம் அவர் பெயரில் உள்ள பதிவுச் சான்றின் நகல். "அதெல்லாம் அப்புறம் அனுப்பறனுங்க" என்றால் பணத்தையும் அப்புறமே கொடுங்கள். பணம் கை மாறிய பிறகு காகிதம் வந்து சேருவது அபூர்வம்.

இதோடு இன்னொரு தாளும் வேண்டும். அரசாங்கத்துக்கு அது தேவையில்லை, உங்களுக்குத் தேவை. கடைசியாக எப்போது சாப்பிட்டது, சுண்டெலியா பெரிய வெள்ளை எலியா, உயிரோடா உறைய வைத்ததா, எந்த நேரத்தில் கொடுப்பார்கள், எந்த மாதிரி டப்பாவில் இருந்தது, கடைசியாகச் சட்டை உரித்தது எப்போது என்று எழுதி வாங்குங்கள். சாப்பாட்டுப் பிரச்சினையில் பாதி இந்தத் தாளிலேயே தீர்ந்துவிடும். முடிந்தால் அது சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துப் போய் எடுத்து வாருங்கள்.

2. கூண்டு தயாரான பிறகே பாம்பு

பாம்பை வாங்கி வந்துவிட்டு அப்புறம் சாமான் தேடி அலையக் கூடாது. குறைந்தது மூன்று நாள் முன்பே கூண்டைப் பூட்டி, ஹீட்டரை ஓடவிட்டு, பகலிலும் ராத்திரியிலும் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று குறித்து வையுங்கள்.

குட்டிக்குப் பெரிய கண்ணாடித் தொட்டி வேண்டாம். இதன் சொந்த ஊரான மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இது பகல் முழுக்கக் கறையான் புற்றுக்குள்ளும் எலி வளைக்குள்ளும் ஒடுங்கிக் கிடக்கும் பிராணி. நாலு பக்கமும் வெளிச்சம் அடிக்கும் தொட்டியில் அதற்கு நிம்மதி இருக்காது. பாத்திரக் கடையில் கிடைக்கும் 30, 40 லிட்டர் மூடியுள்ள பிளாஸ்டிக் டப் போதும். இரண்டு பக்கக் கிளிப்பும் இறுக்கமாகப் பூட்ட வேண்டும். பக்கவாட்டில் சால்டரிங் அயர்னால் வரிசையாகத் துளை போடுங்கள். துளை சுண்டு விரல் நுழையாத அளவுக்கு இருக்கட்டும். உருகிய பிளாஸ்டிக் வாசம் போகும்வரை டப்பை ஒருநாள் வெளியே காய வையுங்கள். ஏற்கெனவே கண்ணாடித் தொட்டி வாங்கிவிட்டீர்கள் என்றால் மூன்று பக்கம் கறுப்புச் சார்ட் அட்டை ஒட்டி மறையுங்கள். வலை மூடியில் பெரும்பகுதியையும் மூடிவிடுங்கள், இல்லையென்றால் ஈரம் நிற்காது.

சூடு: டப்பின் ஒரு முனையில் அடியில் ஹீட் மேட், அதாவது கரண்டில் சூடாகும் மெல்லிய விரிப்பு. தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அது மறைக்க வேண்டும். சூடான முனை 31 முதல் 33 டிகிரி, எதிர்முனை 25 முதல் 27 டிகிரி. பாம்பு தனக்கு வேண்டிய இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். சூடு அளவு தாண்டாமல் மேட்டை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டை ஒரு மணி நேரம்கூடப் போடாதீர்கள், பாம்பின் வயிறு வெந்துபோகும். தெர்மோஸ்டாட்டின் உணரியை மேட்டுக்கும் டப்புக்கும் நடுவே வைத்து டேப் ஒட்டுங்கள். டப்புக்குள் சும்மா போட்டு வைத்தால் பாம்பு அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும். உணரி குளிர்ந்த பக்கம் கிடக்கும், மேட்டோ அணையாமல் சூடேறிக்கொண்டே போகும். சிவப்பு பல்பு, 'ஹீட் ராக்' (கரண்டில் சூடாகும் கல்) என்று கடையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம்.

நம் ஊரில் குளிரைவிட வெயில்தான் ஆபத்து. கூண்டுக்குள் 35 டிகிரி தாண்டினால் பாம்பு தவிக்கும், அதில் சாப்பாடு நினைப்பே வராது. சீட்டுக் கூரை போட்ட மாடி அறை, மேற்குச் சுவர், சன்னல் ஓரம் எதுவும் ஆகாது. வெயில் ஏறும் நாளில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணியில் சுற்றி டப்புக்கு வெளியே, குளிர்ந்த முனையை ஒட்டி வைத்தால் மூன்று நான்கு டிகிரி இறங்கும். தெர்மோஸ்டாட் இருந்தால் மேட் தானே அணைந்து கிடக்கும், நீங்கள் பிடுங்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் மின்தடை வந்தால் டப்பைக் கம்பளியில் போர்த்தி, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் வையுங்கள். துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். மின்வாரியம் மின்தடை நாளை முன்கூட்டியே அறிவிக்கும். அந்தத் தேதியிலும் அதற்கு முந்தைய நாளும் இரை கொடுக்காமல் தள்ளிப்போடுங்கள், சூடு இல்லாவிட்டால் செரிக்காது.

ஒளிவிடம்: இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று சூடான முனையில், இன்னொன்று குளிர்ந்த முனையில். ஒன்று மட்டும் வைத்தால் பாம்பு சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வருகிறது. பெரும்பாலும் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் குளிரில் கிடந்து சாப்பிடாமல் போகும். அளவு முக்கியம். உள்ளே சுருண்டால் உடம்பு சுவரைத் தொட வேண்டும். குட்டிக்குச் சின்ன மண் சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் ஒரு வாசல் உடைத்து, உடைத்த இடத்தை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கினால் போதும். சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற இந்தச் சட்டிதான் நான் பார்த்ததிலேயே நல்ல ஒளிவிடம். மண் என்பதால் ஈரத்தையும் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

தரைக்கு முதல் ஒரு மாதம் அச்சு மை இல்லாத வெள்ளைத்தாள் அல்லது டிஷ்யூ பேப்பர் போதும். எச்சம், உண்ணி, கக்கியது எல்லாம் உடனே கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகு தேங்காய் நார்க்கழிவுக்கு மாறலாம். பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை, கயிறு மில்லுக்குப் போனால் மூட்டையாகவே கிடைக்கும். ஆனால் கழுவி உப்பு நீக்கியதா என்று கேட்டு வாங்குங்கள். மாவு மாதிரி தூள் பறக்கிற நார்க்கழிவு மூக்கில் ஏறும். சின்னச் சின்ன மட்டைத் துண்டுகளாக வெட்டியது அதைவிட நல்லது. ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், சட்டை உரிக்கும்போது 70. ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் சன்னல் திறந்திருந்தால் டப்புக்குள் ஈரமே தங்காது. குளிர்ந்த முனைச் சட்டிக்குள் ஈரப்படுத்திப் பிழிந்த தேங்காய் நாரைக் கொஞ்சம் வையுங்கள். தண்ணீருக்குக் கவிழாத கனமான கிண்ணம்.

அதிர்வு: பாம்புக்கு நம்மைப் போல வெளிக்காது கிடையாது. ஆனால் தரையில் வரும் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக நன்றாகவே உணரும். சோமனூர், பல்லடம், திருச்செங்கோடு மாதிரி தறி ஓடும் ஊர்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தறிக் கொட்டகையை ஒட்டிய அறையில் டப்பை வைத்தால் தரை நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கும். கையைத் தரையில் வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். கொட்டகையிலிருந்து தள்ளியிருக்கும் அறையாகப் பார்த்து, மர மேசை மேல் இரண்டு அடுக்குத் தெர்மாகோல் போட்டு, அதன் மேல் டப்பை வையுங்கள். கிரைண்டர் ஓடும் சமையல் மேடை, வாஷிங் மெஷின், மோட்டார் ரூம், டிவி ஸ்பீக்கர் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கொசு விரட்டி, சாம்பிராணி, பாச்சை உருண்டை, பூச்சி ஸ்பிரே எதுவும் அந்த அறைக்குள் நுழையக் கூடாது. கொசுவுக்குச் சன்னலில் வலை அடித்துவிடுங்கள்.

செலவு: நான் வாங்கியபோது டப் ரூ.500, ஹீட் மேட் ரூ.900, தெர்மோஸ்டாட் ரூ.700, இரண்டு டிஜிட்டல் வெப்ப ஈரமானி ரூ.500, கிராம் கணக்கில் காட்டும் சமையல் தராசு ரூ.400, நீளமான இடுக்கி ரூ.250, மண் சட்டியும் கிண்ணமும் ரூ.150. மொத்தத்தில் மூவாயிரத்து ஐந்நூறை ஒட்டி வரும். இதில் எங்கேயாவது மிச்சம் பிடிக்க நினைத்தால் டப்பில் பிடியுங்கள், தெர்மோஸ்டாட்டில் வேண்டாம்.

3. கொண்டுவரும் நாள்

பஸ் பார்சல், கூரியர் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். நேரில் போய் எடுத்து வாருங்கள். தையல் பிரியாத தலையணை உறைக்குள் பாம்பை விட்டு முடிச்சுப் போட்டு, துளை போட்ட அட்டைப் பெட்டியிலோ தெர்மாகோல் பெட்டியிலோ வைத்தால் போதும். வெயில் ஏறுவதற்குள் வீடு வந்து சேருகிற மாதிரி கிளம்புங்கள். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. பில்லும் பதிவு நகலும் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும், கூண்டில் விடுவதற்கு முன்பே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, பையோடு எடை போட்டுப் பையின் எடையைக் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, தலை, முதுகு, பக்கவாட்டு என்று பதிவுக்கு வேண்டிய படங்களை எடுத்துவிடுங்கள். இதை அன்றைக்கே செய்யாவிட்டால், அடுத்த வாரம் விண்ணப்பம் போடும்போது படத்துக்காகப் பாம்பை வெளியே எடுக்க வேண்டி வரும். அடங்கிக்கொண்டிருந்த பாம்பு மறுபடியும் மிரளும். படம் எடுக்கும்போதே கண்ணோரமும் தாடைக்கு அடியிலும் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். நகர்ந்தால் அது உண்ணி, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

4. முதல் வாரம்: கை வைக்காதீர்கள்

ஏழு நாளும் தண்ணீர் மாற்றுவது, எச்சம் இருந்தால் தாளை மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. தூக்கக் கூடாது, சட்டியைத் தூக்கி எட்டிப் பார்க்கவும் கூடாது. உயிரோடு இருக்கிறதா என்ற கவலை எல்லோருக்கும் வரும். ராத்திரி விளக்கணைத்த பிறகு அது வெளியே வந்து உலாவும். காலையில் தாள் கசங்கியிருப்பதும் தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரம் நனைந்திருப்பதுமே நல்ல அறிகுறி.

இந்த வாரத்தில் பெரிய தொல்லை ஒறம்பரைதான். பாம்பு வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், பெரியப்பா வீட்டிலிருந்து சின்னம்மா வீடு வரைக்கும் பார்க்க வந்துவிடுவார்கள். "ஒரு மாசம் கழிச்சு வாங்க, கையிலயே தர்றேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டப்பின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, கதவைப் பூட்டி வைப்பது நல்லது. வீட்டுப் பெரியவர்களுக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மிச்சிக்கு அது பட்டினி கிடக்கிறது என்பதே தாங்கவில்லை.

"பாவம் கண்ணு, ஒரு டம்ளர் பாலாச்சும் வையி. முட்டை ஒண்ணு ஒடச்சு ஊத்து."

"பாம்பு பால் குடிக்காதுங்க அம்மிச்சி. தண்ணி வெச்சிருக்கேன், அது போதுமுங்க."

சொல்லிவிட்டு விட்டுவிடாமல், நீங்கள் இல்லாத நேரத்தில் யாரும் பால் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பாலும் முட்டையும் இந்தப் பாம்புக்கு ஆகாது.

அக்கம்பக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இதன் புள்ளிகளைப் பார்த்துக் கண்ணாடி விரியன் என்று நினைப்பவர்கள் நிறைய. தப்பி வெளியே போனால் அடித்துவிடுவார்கள். பதிவு விண்ணப்பத்தையும் இந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். பாம்பைத் தொட முடியாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் அது ஒரு வேலை. ஒப்புகை வந்ததும் ஒரு பிரதி எடுத்துக் கூண்டு அறையிலேயே வையுங்கள்.

5. முதல் இரை

ஒரு வாரம் முடிந்து, கண் பால் படிந்த மாதிரி மங்கலாக இல்லை என்றால் இரை கொடுத்துப் பார்க்கலாம். கண் மங்கி, தோல் வெளுத்துப்போய் இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடிக்கும்வரை கொடுக்காதீர்கள்.

எந்த எலி: பாம்பின் உடம்பில் பருமனான இடம் எவ்வளவோ அந்தப் பருமன். எடைக் கணக்கில் குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம். முதல் முறை கொஞ்சம் சின்னதாகவே கொடுங்கள். ஆய்வகத்துக்கோ இரைக்கோ என்று வளர்த்த வெள்ளை எலி மட்டுமே. தோப்பிலும் குடோனிலும் பிடித்த எலியைக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். தென்னந்தோப்பில் குரும்பையைக் கடிக்கிற எலிக்கு விஷக்கட்டி வைப்பது நம் பக்கம் சாதாரணம். அதைத் தின்ற எலி சாக நாலைந்து நாள் ஆகும். அதுவரை தெம்பாகவே ஓடும். அந்த எலியைத் தின்றால் பாம்புக்கும் ஆபத்து.

உயிரோடும் விடாதீர்கள். மூலையில் மாட்டிய எலி பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும். அப்படிக் கடிபட்ட பாம்பு எலி என்றாலே பயந்து மாதக்கணக்கில் ஒதுங்குவதும் உண்டு. எலிக்கும் அது சித்திரவதை. உறைய வைத்த எலியே பாதுகாப்பானது. வீட்டு ஃப்ரிட்ஜில் மாவுக்குப் பக்கத்தில் எலி என்றால் சண்டை வரும், வருவது நியாயமும்கூட. இரைக்கென்று தனிச் சின்ன ஃப்ரீசர் வாங்க முடியாதவர்கள், ஒவ்வொரு முறையும் விற்பவரிடமிருந்து ஐஸ் பெட்டியில் ஒன்றிரண்டு மட்டும் வாங்கி அன்றைக்கே பயன்படுத்தலாம்.

செய்முறை இதுதான். காலையில் எலியை உறையிலேயே வைத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் உறையோடு அரை மணி நேரம் போடுங்கள். வயிற்றை அழுத்திப் பாருங்கள், உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் இன்னும் உருகவில்லை. மைக்ரோவேவில் வைக்கவே கூடாது, உள்ளே வெந்து வயிறு வெடித்துவிடும். முழுதாக உருகியதும் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, தலைப் பக்கத்தை மட்டும் ஹேர் டிரையரிலோ இன்னும் சூடான தண்ணீரிலோ காட்டி 38 முதல் 40 டிகிரி வரை சூடாக்குங்கள். பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். அவை சூட்டை உணர்பவை. இருட்டில் அது எலியைக் 'காண்பது' அந்தக் குழிகளால்தான். ஆறிப்போன எலி அதற்கு ஒரு கல்லும் கட்டையும் மாதிரியே.

நேரம் ராத்திரி எட்டு, ஒன்பது மணி. அறை விளக்கை அணைத்துவிட்டுத் தூரத்தில் ஒரு மங்கல் வெளிச்சம் மட்டும் வையுங்கள். எலியை அறைக்குள் கொண்டுவந்து பத்து நிமிடம் வாசம் பரவ விடுங்கள். பிறகு மூடியைச் சத்தமில்லாமல் திறந்து, இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, தரையோடு தரையாக, தலை முன்னால் வருகிற மாதிரி ஒளிவிடத்தின் வாசலுக்கு ஒரு சாண் முன்னால் கொண்டுபோங்கள். மேலேயிருந்து இறக்கக் கூடாது, அதற்குப் பருந்து வருகிற மாதிரி. முகத்துக்கு நேரே குத்தவும் கூடாது. பாம்பு நாக்கை வேகவேகமாக நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை வளைத்தால் அது குறி வைக்கிறது. இடுக்கியை லேசாக ஒருமுறை அசைத்துவிட்டு அப்படியே நிறுத்துங்கள். பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டதும் இடுக்கியை மெதுவாக விடுங்கள். மூடியைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். செல்போன் வெளிச்சம் அடித்து வீடியோ எடுக்கப் போனால் கவ்வியதையும் விட்டுவிடும்.

தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டால் வற்புறுத்த வேண்டாம். எலியை ஒரு சின்ன மூடியின் மேல் வைத்து ஒளிவிடத்தின் வாசலில் விட்டுவிட்டு விளக்கை முழுதாக அணைத்துவிடுங்கள். வெட்கப்படும் பாம்புகள் பாதி ராத்திரிக்கு மேல் தானே எடுத்துக்கொள்ளும். காலையில் இருந்தால் எடுத்துப் புதைத்துவிடுங்கள், மறுபடி உறைய வைக்கக் கூடாது. எறும்பை மறக்காதீர்கள். மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்காவிட்டால் விடிவதற்குள் எலியை மட்டுமல்ல, பாம்பையும் எறும்பு மொய்த்துவிடும்.

சாப்பிட்டால் 48 மணி நேரம் தொடாதீர்கள். தொட்டால் கக்கிவிடும். கக்கிவிட்டால் இரண்டு வாரம் இடைவெளி விட்டு, முன்னதில் பாதி அளவு எலியாகக் கொடுங்கள்.

6. மறுத்தால் எதை முதலில் மாற்றுவது

மறுநாளே திரும்பவும் எலியைக் காட்டுவதுதான் எல்லோரும் செய்வது. ஒவ்வொரு தோல்வியும் பாம்புக்கு ஒரு மிரட்டல். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி விடுங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், இல்லையென்றால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முதலில் டிகிரி. சூடான முனைச் சட்டிக்குள் உணரியை வைத்து ராத்திரியும் விடியலும் அளந்து பாருங்கள். தை மாதத்தில் மேட் ஓடினாலும் அறைக் காற்று குளிர்ந்து கிடக்கும். அடுத்தது ஒளிவிடம்: இன்னும் சின்னச் சட்டி, இன்னும் மறைப்பு. வெறும் தரை தெரியாதபடி கசக்கிய தாளை உள்ளே நிரப்பினாலே சில குட்டிகள் அன்றைக்கே மாறிவிடும். அதற்குப் பிறகுதான் இரை. விற்றவர் எழுதிக் கொடுத்த தாளைப் பாருங்கள். சுண்டெலி தின்று வளர்ந்த குட்டிக்குப் பெரிய எலிக் குட்டியின் வாசம் பிடிபடாது. அதே சுண்டெலியைக் கொடுங்கள், அல்லது சுண்டெலி கிடந்த மரத்தூளில் புது எலியைப் புரட்டிக் கொடுங்கள்.

அப்படியும் முடியாவிட்டால் மூடியுள்ள சின்ன அட்டைப் பெட்டியில் பாம்பையும் சூடாக்கிய எலியையும் வைத்து, அந்தப் பெட்டியை டப்புக்குள்ளேயே ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். இடம் நெருக்கமாக இருந்தால் துணிச்சல் வரும்.

நாமக்கல் பக்கம் பொரிப்பகங்களில் ஒருநாள் கோழிக்குஞ்சு மலிவு என்பதால் பலரும் நேரே அதற்குப் போய்விடுகிறார்கள். எலியை மறுத்த பாம்பு சில நேரம் குஞ்சை எடுக்கும், உண்மைதான். ஆனால் அந்த ருசி பிடித்துவிட்டால் எலிக்குத் திரும்ப வைப்பது பெரும்பாடு. எச்சமும் தண்ணியாகப் போகும். கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து இரையைத் திணிப்பதை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். தெரியாத கை பட்டால் பல் உடைந்து வாய் புண்ணாகும், தொண்டையும் கிழியும்.

7. எவ்வளவு நாள் பொறுக்கலாம்

எடைதான் பதில் சொல்லும். முதல் இரைக்குப் பிறகோ, அது தள்ளிப்போனால் இரண்டாம் வாரம் முடிந்த பிறகோ, வாரம் ஒருமுறை துணிப்பையோடு தராசில் வைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டில் தேதி, எடை, கொடுத்த இரை, எடுத்ததா இல்லையா, இரண்டு முனையின் டிகிரி, எச்சம், சட்டை உரிப்பு எல்லாம் வர வேண்டும்.

வளர்ந்த பால் பைத்தான், அதிலும் குளிர்மாதங்களில், பல மாதம் சாப்பிடாமல் இருந்தும் எடை குறையாமல் நன்றாகவே இருக்கும். அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். குட்டியின் கதை வேறு. ஐந்தாறு வாரம் தாண்டியும் ஒன்றும் எடுக்கவில்லை என்றாலோ, வந்த நாள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ பொறுத்தது போதும், மருத்துவரிடம் போங்கள். முதுகெலும்பு கூரையின் முகடு மாதிரி துருத்திக்கொண்டு தெரிந்தாலும் அப்படித்தான்.

பட்டினியே இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டிய அறிகுறிகள்: மூச்சில் கீச்சுச் சத்தம், வாயோரம் நுரை அல்லது சளி, வாயைத் திறந்தே வைத்திருப்பது, ஈறு சிவந்து சீழ் கட்டுவது, தொடர்ந்து இரண்டு முறை கக்குவது, தலையை வானம் பார்க்கத் திருப்பிக்கொண்டு நிலைதடுமாறுவது.

8. மருத்துவரிடம் போகும்போது

நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை. பாம்பு வாங்குவதற்கு முன்பே, ஊர்வன பார்க்கும் ஒருவரைத் தேடி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனை இருக்கிறது; கொங்கு மாவட்டங்களில் பல ஊர்களிலிருந்து ஒரே பகலில் போய் வந்துவிடலாம். கிளம்பும் முன் போன் செய்து, பாம்பு பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். காலை நேரமே நல்லது.

எடுத்துப் போக வேண்டியவை: எடை நோட்டு, இரண்டு நாளுக்குள் போன எச்சம் ஒரு மூடிய டப்பியில், கூண்டின் படம், டிகிரி காட்டும் அளவியின் படம், பில், பதிவு ஒப்புகை. எச்சத்தைப் பார்த்துக் குடற்புழு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். அதைப் பார்க்காமல் பூச்சி மருந்தைக் குத்துமதிப்பாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பாம்பை எடுத்துப் போவது அதே தலையணை உறை, அதே பெட்டிதான். பாம்பைத் தொட்டாலும் தொட்டியைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மருத்துவர் ஊசியோ மருந்தோ கொடுத்து அனுப்பினால், திரும்பி வந்ததும் மறுபடியும் ஒரு வாரம் முதல் வாரக் கணக்குத்தான். தொடர்ந்து மூன்று நான்கு இரை மறுக்காமல் எடுத்த பிறகு, இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் கையில் எடுக்க ஆரம்பிக்கலாம். இரை குட்டிக்கு ஏழு நாளுக்கு ஒன்று, ஒரு வயது தாண்டினால் பத்துப் பதினான்கு நாளுக்கு ஒன்று, நன்றாக வளர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று.